அறுபத்திரண்டாவது இருக்கை

அத்தியாயம் ஏழு

1891 ஜனவரியில் அந்த மாநிலத்திற்கு இரண்டு ஆளுநர்கள் இருந்தார்கள். ஏற்கெனவே பதவியில் இருந்த கர்னல் வார்டுவெல், தலைமைச் செயலகத்தின் மாடியில், கதவுக்கு வெளியே பன்னிரண்டு துப்பாக்கிகளை நிறுத்திவைத்துக்கொண்டு உறுதிமொழி எடுத்தார். அவரை எதிர்த்து நின்ற எனோக் லத்ரோப், தெருவின் எதிர்ப்புறத்து ஓட்டலின் நடனக் கூடத்தில், பியானோவை ஓரமாகத் தள்ளிவிட்டு அதே உறுதிமொழியை அதே மணிக்கு எடுத்தார். இரண்டு இடத்திலும் வேதப்புத்தகம் ஒன்றுதான், பிரதிதான் வேறு.

யார் உண்மையான ஆளுநர் என்பதை அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு மாநில உச்ச நீதிமன்றம் விசாரிக்கவிருந்தது. அங்கே சாட்சிக் கூண்டில் ஏறவேண்டியவர் ஹைரம் ஓல்கட். அப்போது காலை எட்டு மணி. அதே ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், ஆறிப்போன காப்பிக்கு முன்னால் அவர் ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டோரன் மாவட்டத்தின் வடக்குக் காட்டில், 'ஒன்பதாம் முகாம்' என்ற மரவெட்டி முகாமில் வாக்களித்தவர்களின் பட்டியல் அது. அறுபத்தொரு பெயர்கள். அத்தனை வாக்கும் கர்னலுக்கு. மூன்று வாரங்களுக்கு முன் லத்ரோப்பின் வழக்கறிஞர் சைலஸ் பிரெண்டிஸ் அதை ஓல்கட்டின் கையில் கொடுத்து, "இது பொய்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிக்கணும்" என்று மட்டும் சொன்னார். ஓல்கட்டுக்கு இரண்டாம் முறை சொல்லத் தேவைப்படவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை அவர் அஞ்சல் துறைத் துப்பறிவாளர். கர்னலின் மைத்துனர் பிறருடைய கடிதங்களைப் பிரித்துப் படித்ததைக் கண்டுபிடித்த மறுநாள், ஒரே ஒரு தந்தியில் அவருடைய வேலை போயிற்று. அந்தத் தந்தியைக் கருவியின் தட்டல்களிலிருந்து காதால் கேட்டு எழுதி, அவர் கையில் கொடுத்தவள் டீலியா மெக்ராத். கொடுத்த கையோடு தன் வேலையையும் விட்டுவிட்டு அவருடைய உதவியாளராகச் சேர்ந்துகொண்டாள்.

டீலியா இப்போது எதிரே இருந்தவனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பிரெண்டிஸின் எழுத்தர் லெமுவல் ஸ்டைல்ஸ், முதலாளியின் செய்தியோடு வந்தவன், மேப்பிள் பாகு ஊற்றிய ஆறு பான்கேக்குகளைத் தலை நிமிராமல் தீர்த்துக்கொண்டிருந்தான்.

"தட்டு இவரைத் துரத்துதா, இவர் தட்டைத் துரத்துறாரா, சார்?"

ஸ்டைல்ஸ் பதில் சொல்லவில்லை. கடைசித் துண்டை விழுங்கி, வாயைத் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே பேசினான். "மன்னிக்கணும், மிஸ். சாப்பிடும்போது பேசிப் பழக்கமில்ல."

"நல்ல பழக்கம். எங்க வீட்ல நாங்க ஏழு பேர். பேசாம சாப்பிட்டா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம்."

"முப்பத்தொண்ணு," என்றார் ஓல்கட்.

இருவரும் திரும்பினார்கள்.

"ஏசா டில்லிங்காஸ்ட், மேஸ்திரின்னு பக்கத்துலயே போட்டிருக்கு. அவர் ஓட்டுப் போட்டது முப்பத்தொண்ணாவதா."

"மரம் வெட்டுற இடத்துல மேஸ்திரிக்கு முன்னாடி முப்பது பேரா?" டீலியா கன்னத்தில் கைவைத்தாள். "அவர் தும்மினப்புறம்தானே அங்க மத்தவங்க தும்முவாங்க."

"கூட்டமா இருந்திருக்கும்," என்றான் ஸ்டைல்ஸ். "பொறுமையா நின்னிருப்பார்."

"மேஸ்திரி, பொறுமை. ரெண்டு வார்த்தையையும் ஒண்ணா இன்னைக்குத்தான் கேக்குறேன். அது போகட்டும், எனக்கு ஒண்ணு புரியல. மாநிலம் முழுக்க எண்ணினா கர்னலுக்கு நானூத்திப் பன்னெண்டு ஓட்டு அதிகம். இந்த அறுபத்தொண்ணைக் கழிச்சாலும் அவர்தானே ஜெயிக்கிறார்? இதுக்கா எங்களை மூணு வாரம் பனியில அலையவிட்டீங்க?"

"நூல்ல ஒரு முனை கிடைச்சா போதும், மத்தது தானா பிரியும்னு மிஸ்டர் பிரெண்டிஸ் சொல்வார்." ஸ்டைல்ஸ் எழுந்து தொப்பியை எடுத்தான். "இன்னைக்கு நீங்க வேற எங்கயும் அலைய வேண்டாம்னும் சொல்லச் சொன்னார். கூண்டுல ஏறி, பட்டியல் பொய்னு சொன்னா போதும்."

அவன் போனதும் டீலியா தன் பையிலிருந்து ஒரு மரப்பலகையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்பதாம் முகாம் இருந்ததாகச் சொல்லப்பட்ட இடத்திற்கு அவர்கள் சென்ற வாரம் போயிருந்தார்கள். அங்கே இருந்தவை வெட்டுண்ட அடிமரங்களும், கூரை சரிந்த ஒரு சமையல்கூடமும், இந்தப் பலகையும்தான். மாவுப் பெட்டியின் மூடி. உட்புறத்தில் கரிக்கோலால் 'குன்ஹில்ட் ரூஸ்டா, சமையல்' என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரைத் தேடிப் பிடிக்க ஆறு நாள் ஆயிற்று. அவளோ இந்த நகரத்திலேயே, ரயில் பட்டறைக்குப் பின்னால் உள்ள ஒரு தங்கும் விடுதியில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டைல்ஸ்கிட்ட ஏன் சார் இதைச் சொல்லல?"

"கேக்கலையே."

"அலைய வேண்டாம்னு சொன்னார்."

"அதனாலதான் போறோம்."

*

குன்ஹில்ட் ரூஸ்டா ஐம்பதை நெருங்கியவள். அகன்ற தோள்களும் வெந்நீரில் சிவந்த கைகளும் கொண்டவள். விடுதியின் நீண்ட சாப்பாட்டு மேசையில் காலைப்பந்தி அப்போதுதான் முடிந்திருந்தது. வந்தவர்களை உட்காரச் சொல்லாமலே இரண்டு கோப்பைகளைக் கவிழ்த்த நிலையிலிருந்து நிமிர்த்திக் காப்பியை ஊற்றினாள்.

"ஒன்பதாம் கேம்பா? அங்க இப்ப நரிகூட இருக்காது. போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்துலயே மூடியாச்சு. வெட்டுறதுக்கு மரம் இருந்தாத்தானே."

"அப்ப போன நவம்பர்ல அங்க தேர்தல் நடந்திருக்காது," என்றாள் டீலியா.

"மரக்கட்டைங்க ஓட்டுப் போட்டிருந்தா உண்டு."

"கேம்ப் அப்ப இருந்துச்சு, பிறகுதான் கலைஞ்சுதுன்னு கர்னலோட வக்கீல் சொல்வார்," என்றார் ஓல்கட். "அந்த ஆளுங்களைத் தெரிஞ்சவங்க வேணும். பட்டியலை வாசிச்சா அடையாளம் சொல்வீங்களாம்மா?"

"வாசிங்க. எனக்கு நின்னு கேக்க நேரமில்ல. கோப்பைங்களை நிமித்திக்கிட்டே கேக்குறேன்."

டீலியா வாசிக்கத் தொடங்கினாள். குன்ஹில்ட் ஒரு கையில் காப்பிப் பாத்திரத்தோடு மேசையின் ஓரமாக நடந்தாள். நான்கைந்து பெயர்கள் வரை அவளிடம் தலையசைப்பு மட்டுமே இருந்தது. எட்டாவது பெயரில் அவள் நடை ஒரு தாளத்துக்கு வந்தது. பத்தாவது பெயரை டீலியா வாசிப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அடுத்தது ஹால்வர் மூன். அப்புறம் அந்த ஃபின்லாந்துக்காரன், ஹெய்க்கி."

டீலியா தாளைப் பார்த்தாள். மூன். ஹெய்க்கி. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குன்ஹில்ட் நின்றாள். தன் கையிலிருந்த பாத்திரத்தையும் வெறும் பெஞ்சையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இது நான் காப்பி ஊத்துற வரிசை," என்றாள். "நாலு குளிர்காலம் தினம் மூணு வேளை இப்படித்தான் சுத்தி வந்திருக்கேன். அவனவனுக்கு ஒரு இடம். வந்த முதல் நாள் எங்க உக்காந்தானோ, மூட்டையைக் கட்டுற வரைக்கும் அதேதான். மாத்தி உக்காந்தா அடிதடி."

அதுவரை சுவரில் சாய்ந்திருந்த ஓல்கட் நிமிர்ந்தார். "மேல வாசி, டீலியா."

பதினான்கு, பதினைந்து, பதினாறு. பதினாறாவது பெயருக்குப் பிறகு குன்ஹில்ட் காப்பிப் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"அடுத்ததை வாசிக்க வேண்டாம்."

டீலியாவின் விரல் பதினேழாவது வரியில் நின்றது. டோலெஃப் ரூஸ்டா.

"என் வீட்டுக்காரர்," என்றாள் குன்ஹில்ட். "கேம்ப் மூடுறதுக்கு முன்னாடி, அந்தக் கடைசி பிப்ரவரியில பைன் மரம் ஒண்ணு திரும்பி விழுந்துச்சு. செத்தவன் இடத்துல அந்தப் பருவம் முடியிற வரைக்கும் யாரும் உக்கார மாட்டாங்க. தட்டைக் கவுத்து வச்ச மேனிக்கே விட்டுடுவோம். நானும் அந்தத் தட்டைத் தாண்டித்தான் தினம் காப்பி ஊத்தினேன்." அவள் குரல் மாறவில்லை. "அந்தக் கவுத்த தட்டுதான் கர்னலுக்கு ஓட்டுப் போட்டிருக்கு, அப்படித்தானே?"

டீலியா, வழக்கத்துக்கு மாறான தணிந்த குரலில், மற்றப் பெயர்களையும் வாசித்து முடித்தாள். முப்பதாவது பெயரோடு குன்ஹில்ட் மேசையின் தலைப்பக்கத்தை அடைந்தாள். முப்பத்தொன்று, மேஸ்திரி டில்லிங்காஸ்ட். அவருடைய இடம் மேசையின் தலைமாடு. அதன்பின் மறுபக்கத்து முப்பது பேர். அறுபத்தொன்றாவது பெயர் வந்தபோது அவள் மேசையின் கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"முடிஞ்சுது," என்றாள் டீலியா. "ஒருத்தன் பழைய மேசையை மனசுல வச்சுக்கிட்டு, ஒரு சுத்து சுத்தி எழுதியிருக்கான். அதனாலதான் மேஸ்திரிக்கு அவ்வளவு பொறுமை."

"முடியல," என்றார் ஓல்கட். அவர் கால்மாட்டில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் முப்பது, அந்தப் பக்கம் முப்பது, தலையில மேஸ்திரி. இந்த முனையில ஓர் ஆள் உக்காந்திருக்கணும். அவனுக்கு இடது கைப்பக்கம் இருந்தவன் பட்டியல்ல முதல் ஆள். வலது கைப்பக்கம் இருந்தவன் கடைசி ஆள். அவன் பேரு மட்டும் இல்ல."

டீலியா மெதுவாகத் தாளைக் கீழே வைத்தாள். தன் இடத்தில் உட்கார்ந்தபடி மேசையை நினைத்துப் பார்க்கிறவனுக்கு எல்லோரும் தெரிவார்கள், அவனைத் தவிர. பொய்க் கையெழுத்தை ஆராயத் தேவையில்லை. எழுதியவன் தான் இருந்த இடத்தைக் காலியாக விட்டு, அதையே தன் கையெழுத்தாகப் போட்டிருந்தான்.

"இங்க யாரும்மா உக்காந்தா?"

"அளவுக்காரன்," என்றாள் குன்ஹில்ட். "வெட்டின கட்டையையெல்லாம் கோல் வச்சு அளந்து புத்தகத்துல ஏத்துறவன். எல்லார் பேரும் அவனுக்குத்தான் எழுத்துக்கூட்டத் தெரியும். மூஞ்சி நல்லா ஞாபகம் இருக்கு. குரல் ஞாபகம் இல்ல."

"ஏன்?"

"எங்க மேசையில யாரும் பேசக் கூடாது. என் சட்டம் இல்ல, எல்லாக் கேம்ப்லயும் அதே சட்டந்தான். அறுபது பேரை ஒரு மேசையில வச்சுப் பேசவிட்டா, மொதல்ல சிரிப்பான், அப்புறம் கத்தியை எடுப்பான். உப்பு வேணும்னாக்கூட கையைத்தான் நீட்டணும். பத்து நிமிஷத்துல தின்னுட்டுக் கிளம்பிடணும். அங்க இருந்து வந்தவனுங்க எங்க போனாலும் அப்படியேதான் தின்பானுங்க. பார்த்தாலே தெரியும்."

டீலியாவின் முகம் ஓல்கட்டை நோக்கித் திரும்பியது. அவள் வேடிக்கையாக ஏதும் சொல்லாமல் விட்ட சந்தர்ப்பங்களை ஓல்கட் நான்கு ஆண்டுகளில் இரண்டு முறைதான் கண்டிருக்கிறார்.

"அவன் பேரு?"

"ஸ்டைல்ஸ். லெமுவல் ஸ்டைல்ஸ்."

*

"நம்ம ஆளே எழுதியிருக்கான்," என்றாள் டீலியா, பனியில் நடந்தபடி. "கர்னலுக்கு அறுபத்தொரு ஓட்டைத் தானே தானமா குடுத்துட்டு, அதைக் கண்டுபிடிக்க நம்மளை அனுப்புறாங்க. பைத்தியமா சார் இவங்க?"

"டோரன் மாவட்டத்துல கர்னலுக்கு எவ்வளவு அதிகம்?"

"தொள்ளாயிரத்து முப்பது. இந்த அறுபத்தொண்ணையும் சேர்த்து."

"மாவட்டத்துல எல்லாப் பட்டியலும் ஒரே உறையில, ஒரே முத்திரையோட வரும். உள்ள இருக்குறது ஒண்ணு பொய்னு நீதிமன்றம் முடிவு பண்ணா, இந்த மாநிலச் சட்டப்படி அந்த ஒண்ணை மட்டும் எடுத்துப் போட முடியாது. உறை முழுக்கச் செல்லாது."

டீலியா மனக்கணக்கில் நின்றுவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டிலிருந்து தொள்ளாயிரத்து முப்பது போனால் லத்ரோப் ஐந்நூற்றுப் பதினெட்டு வாக்குகளில் ஆளுநர். அறுபத்தொரு பொய் வாக்குகளோடு இரண்டாயிரத்து இருநூற்றெண்பத்தொன்பது மெய் வாக்குகளும் குப்பைக்குப் போகும்.

பின்னால் கனமான காலடிகள் கேட்டன. குன்ஹில்ட், தலையில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, அவர்களை எட்டிப் பிடித்தாள். "நானும் வர்றேன். என் அண்ணனும் ஊர்க்காரங்களும் காலையிலயே கோர்ட்டுக்கு வந்துட்டாங்க. டோரன்காரங்க எல்லாம். அவன் பதினோரு மைல் சேத்துல நடந்து போய் ஓட்டுப் போட்டவன், ஐயா. அது பொய்னு யாராவது சொன்னா நான் எழுந்திருச்சுக் கேப்பேன்."

ஓல்கட் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அந்த நாளின் மிகச் சிறிய கோழைத்தனம் அதுதான் என்று பிறகு அவருக்குத் தோன்றியது.

*

நீதிமன்றத்தின் நடைக்கூடத்தில் பிரெண்டிஸ் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஓல்கட் சொன்னதைக் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். முகத்தில் இருந்தது அதிர்ச்சி அல்ல, ஒரு நல்ல மாணவனைப் பார்க்கும் ஆசிரியரின் களிப்பு.

"மேசையில இருந்தா கண்டுபிடிச்சீங்க? பிரமாதம், மிஸ்டர் ஓல்கட். நான் மேஸ்திரிகிட்டயே நின்னுடுவீங்கன்னு நினைச்சேன்."

"மறுக்கலையா நீங்க?"

"எதை? நாங்க அனுப்பினது ஒரு தாள். டோரன்ல இருக்குற மாவட்ட எழுத்தர் கர்னலோட ஆள். அறுபத்தொரு ஓட்டு தானா வந்து மடியில விழுதேன்னு, இப்படி ஒரு கேம்ப் இருக்கான்னுகூட கேக்காம, முத்திரை வச்சு உள்ள தள்ளிட்டான். பொறி எங்களுது. பசி அவங்களுது."

"டோரன்காரங்க ஓட்டு?"

"அது சட்டத்தோட குறை. நான் எழுதின சட்டமா?" பிரெண்டிஸ் சாம்பலைத் தட்டினார். "இந்த ஊர்ல துப்பறியிறவங்க பதினாறு பேர் இருக்காங்க. உங்களை ஏன் எடுத்தோம்னு யோசிச்சீங்களா? பொய் சொல்ல மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். கர்னலை நீங்க வெறுக்குறதும் எல்லாருக்கும் தெரியும். இது ரெண்டும் ஒரே ஆள்கிட்ட அமையிறது கஷ்டம். இப்ப உள்ள போய், பட்டியல் பொய்யான்னு நான் கேப்பேன். நீங்க என்ன சொல்லப் போறீங்க, மெய்னா?"

அவர் உள்ளே போய்விட்டார். ஓல்கட் அங்கேயே நின்றார். டீலியா அவரை நெடுநேரம் நிற்க விடவில்லை.

"கர்னலோட வக்கீல் உங்களைக் குறுக்கு விசாரணை பண்ணுவாரில்ல? யார் எழுதினதுன்னு அவர் கேட்டா நீங்க சொல்லலாம். ஸ்டைல்ஸ் அந்தப் பக்கத்து ஆள்னு தெரிஞ்சா, மாவட்டத்தைத் தள்ள முடியாது. தானே வச்ச பொறியைக் காட்டி யாரும் லாபம் பார்க்கக் கூடாதுன்னுதானே சட்டம்?"

"கர்னலைக் காப்பாத்தச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல, சார். அந்தத் தந்தியை எழுதினது இந்தக் கைதான். அந்த ஆளு வண்டியில அடிபட்டா நான் குதிரைக்குத்தான் மருந்து போடுவேன். ஆனா உள்ள உக்காந்திருக்குறவங்க சேத்துல நடந்தது அவருக்காக இல்லையே. அவங்க ஓட்டுக்காக."

ஓல்கட் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். நான்கு ஆண்டுகளாக அவர் மனத்தில் எழுதிவைத்திருந்தவை வேறு வாக்கியங்கள். இது அவற்றில் ஒன்றல்ல: 'அந்தப் பட்டியலை எழுதியது யார் என்று என்னைக் கேளுங்கள்.' கையெழுத்திட்டு மடித்தார். கர்னலின் வழக்கறிஞர் ஜட்சன் கேரி, வெள்ளை மீசையும் சாம்பல் நிற மார்ச்சட்டையுமாக இருந்த முதியவர், தன் இருக்கைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஓல்கட் தாளைத் தானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார். கேரி நின்று படித்தார், மறுபடியும் படித்தார். ஓல்கட்டின் முகத்தை ஒரு கணம் ஆராய்ந்துவிட்டுத் தாளை மார்ச்சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"நன்றி," என்றார். "ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு."

*

கூடத்தின் பின்வரிசைகளில் டோரன்காரர்கள் தொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். நாற்பது பேர் இருக்கலாம். அவர்கள் காலணிகளின் பனி உருகித் தரையில் கறுத்த நீராக ஓடியது. அவர்கள் நடுவே குன்ஹில்ட். டீலியா மட்டும் இல்லை. நடைக்கூடத்தின் தந்தி மேசைக்கு அருகே எதையோ கேட்டுக்கொண்டு நின்றுவிட்டாள்.

பிரெண்டிஸ் ஓல்கட்டைச் சுருக்கமாகவே விசாரித்தார். முகாம் மூடப்பட்ட காலம். மேஸ்திரியின் வரிசை எண். இங்கே கூடத்தில் சிரிப்பு எழுந்தது. சாப்பாட்டு மேசை. இறந்தவரின் கவிழ்த்த தட்டு. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"ஆக, சத்தியத்தின் பேரில் சொல்லுங்கள். இந்தப் பட்டியல் மெய்யா, பொய்யா?"

"பொய். ஆனால் அதை எழுதியவர்…"

"சாட்சி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்," என்றார் தலைமை நீதிபதி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் விசாரணை முடிந்தது." பிரெண்டிஸ் அமர்ந்தார். அவருக்குப் பின்னால் லெமுவல் ஸ்டைல்ஸ் கரிக்கோலைச் சீவிக்கொண்டிருந்தான்.

கேரி எழுந்தார். ஓல்கட் கூண்டின் கட்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பதில் தயாராக இருந்தது. இரண்டே சொற்கள், ஒரு பெயர். அதைச் சொல்வதற்குத் தேவைப்பட்டது ஒரு கேள்வி மட்டுமே. கேரியின் கை மார்ச்சட்டைப் பையருகே போயிற்று. ஓல்கட்டின் தாள் இருந்த இடத்தை விரல்கள் தடவின. பிறகு அதே பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் சாட்சியிடம் எனக்குக் கேள்வி எதுவும் இல்லை, கனம் நீதிபதி அவர்களே."

"நான் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது," என்றார் ஓல்கட்.

"கேட்க யாரும் இல்லையே. இறங்கலாம்," என்றார் தலைமை நீதிபதி.

அவர் இறங்கினார். இரு தரப்பு மேசைகளுக்கும் இடையே நடந்து வரும்போது பிரெண்டிஸும் கேரியும் ஒரே மாதிரி தங்கள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டார். பின்வரிசையருகே டீலியா மூச்சுவாங்க வந்து நின்றாள்.

"தந்திக் கருவி தட்டிக்கிட்டே இருந்துச்சு, சார். இன்னும் காது போகல எனக்கு. லத்ரோப்போட ஓட்டல்ல இருந்து கட்சிக்காரங்களுக்கு இதே கம்பியில சேதி போகுது. கவர்னர் நாற்காலி லத்ரோப்புக்கு. மார்ச்சுல காலியாகுற செனட் இடம் கர்னலுக்கு. ரெண்டு கட்சி சட்டமன்ற ஆளுங்களும் சேர்ந்து கையைத் தூக்கப் போறாங்க. இன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கே முடிவாயிருச்சு. பிரெண்டிஸும் கேரியும் சேர்ந்துதான் கையெழுத்து."

பன்னிரண்டு மணி. அவர் அந்தத் தாளைக் கொடுத்தது ஒன்றே முக்காலுக்கு.

"பெரிய மனசுன்னு சொன்னார்," என்றார் ஓல்கட்.

நீதிபதிகள் எழுந்து உள்ளே போகக்கூட இல்லை. மூவரும் தலைகளைச் சேர்த்துச் சிறிது நேரம் பேசினார்கள். பிறகு தலைமை நீதிபதி, டோரன் மாவட்டத்து உறை முழுமையும் செல்லாது என்று, சந்தை விலைப் பட்டியலை வாசிப்பவரின் குரலில் வாசித்தார். முன்வரிசையில் கைதட்டல் எழுந்தது. லத்ரோப்பின் ஆட்கள் தட்டினார்கள். கர்னலின் ஆட்கள் தட்டவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, மேலங்கிகளைத் தேடினார்கள்.

பின்வரிசையில் நாற்பது பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மெதுவாக எழுந்தான். குன்ஹில்டின் அண்ணன் என்று தோள்களிலேயே தெரிந்தது. தீர்ப்பு தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் அவன் தங்கையைப் பார்த்தான். எழுந்து கேட்பேன் என்று சொன்னவள் அவள். ஓல்கட் காத்திருந்தார். அவள் ஸ்டைல்ஸைப் பார்த்தாள். அவனும் அவளை அடையாளம் கண்டுகொண்டு, கரிக்கோலைப் பையில் போட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

பிறகு அவள் நீதிபதிகளையும் இரண்டு வழக்கறிஞர்களையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகப் பார்த்தாள். காப்பி ஊற்றிக்கொண்டு போகிறவளைப் போல.

"வா, போவோம்," என்றாள் அண்ணனிடம். "சாப்பிடும்போது இவங்க பேச மாட்டாங்க."